எவ்ளோ தண்ணி

"எவ்ளோ தண்ணில ஓட்டுவீங்க?" என்கிறார் அபுதாகிர் பாய்,
காசிமேட்டுக் கடையில், கிரீஸ் விரலைப் பனியனில் துடைத்தபடி.

எந்த மணிக்கு, பாய்?
ஏற்றத்தில் தொடை.
வற்றத்தில் கெண்டைக்கால்.
சாம்பல் குழாய் ஒழுகிய வாரம் என்றால் கணுக்கால்,
அதுவும் தண்ணீர் இல்லை, கஞ்சி.
எண்ணூர் ஆற்றை மீட்டரில் அளப்பவர்கள்
ஜீப்பில் வந்து ஜீப்பில் போகிறவர்கள்.
நாங்கள் காலில் வைத்திருக்கிறோம் கணக்கை.
போன புயலுக்கு முன் இடுப்பு இருந்த இடத்தில்
இப்போது என் மகன் நின்று போன் பேசுகிறான்,
செருப்போடு.

சகலை இருசப்பன் கடைக்குள் நுழையும்போதே முடிவு செய்துவிட்டான்.
அவன் கை ஒரு ஜப்பான் மோட்டாரின் மேல்,
கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோளில் கிடப்பதுபோல்.
"பதினஞ்சு குதிரை. முகத்துவாரத்தத் தாண்டி அடிக்கலாம்."

அடிக்கலாம்தான்.
ஆனால் அது தண்ணீர் குடித்துச் சூடு தணிகிற ரகம்.
நம் ஆற்றில் நாலு மடக்கு குடித்தால்
தொண்டையில் சிமெண்டு.
நாகலிங்கத்தின் மோட்டாரைப் பிரித்தபோது நானும் நின்றேன்,
உள்ளே அரைச் செங்கல் அளவுக்கு
சுட்டெடுத்ததுபோல் இருந்தது.

மூலையில் இன்னொன்று,
வயலுக்கு நீர் இறைக்கிற பம்புசெட்டின் முகஜாடை.
காற்றிலேயே ஆறிக்கொள்ளும்.
ஐந்தரைக் குதிரை, பின்னால் ஆறடிக்கு ஷாஃப்ட்டு,
நுனியில் என் உள்ளங்கை அகலக் காத்தாடி.
திட்டு வந்தால் கைப்பிடியை அமுக்கு, வால் மேலே வரும்.
சேற்றை நக்கிக்கொண்டே தாண்டிவிடும் என்றார் பாய்.
"இன்னா மூஞ்சிடா இது" என்றான் சகலை,
மோட்டாருக்குக் கேட்காமல்.

பிறகு அடி.
கூரடி அலையைப் பிளக்கும். தட்டையடி சேற்றில் வழுக்கும்.
இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு படகு வேண்டும்.
எங்களிடம் இருந்தது
வேதவல்லி எடுத்த சீட்டு, அவள் கம்மல்,
இருசப்பன் யாரிடமோ வாங்கிய, யாரென்று சொல்லாத பதினெட்டாயிரம்.
"தட்டையில முகத்துவாரம் போனா பல்லு கொட்டிடும்."
கொட்டட்டும்.
மாசத்தில் எத்தனை நாள் போகிறோம், நீயே சொல்.
அவன் விரல் மடக்கத் தொடங்கினான்.
இரண்டாவது விரலில் நின்றான்.
கடைக்கு வெளியே ஒரு கன்டெய்னர் லாரி
வெகுநேரம் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

பதினாலடி, தட்டை.
அணியத்தை மட்டும் ஒரு முழம் தூக்கச் சொன்னோம் பட்டறையில்,
சகலையின் மனசுக்காக.
அந்த ஒரு முழத்துக்குத் தனியாக ஆயிரத்து ஐந்நூறு.
வீட்டில் சொன்ன விலையில் அது சேரவில்லை.
ஷாஃப்ட்டும் சேரவில்லை.

மாசி அமாவாசை, முதல் நண்டு வேட்டை.
புகைக்கூண்டுகளின் சிவப்பு விளக்கு தண்ணீரில் நீளமாகக் கரைய,
சாம்பல் திட்டின்மேல் வாலைத் தூக்கிக்கொண்டு ஏறினோம்.
தாண்டியது. பாய் பொய் சொல்லவில்லை.
ஆனால் சத்தத்தைப் பற்றி அவர் சொல்லவே இல்லை.
அக்கரையில் செக்யூரிட்டி விசிலடித்தான்,
இவனுக்கே கேட்டால் நண்டுக்குக் கேட்காதா,
அத்தனையும் சேற்றுக்குள் போயிருந்தன.

அலையாத்திக்கு இருநூறு அடி இருக்கும்போதே அணைத்தேன்.
அறுபதாயிரம் ரூபாய் மோட்டார்
டிக் டிக்கென்று ஆறிக்கொண்டு கிடந்தது.
சகலை ஒன்றும் பேசாமல் பழைய சவுக்குக் கழியை எடுத்தான்.
அதைக் கொண்டுவரச் சொன்னது யார் என்று
நானும் கேட்கவில்லை.

"எவ்ளோ தண்ணி?"
ஊன்றினான். எடுத்தான்.
ஈரம் நின்ற இடத்தை நெற்றி விளக்கில் பார்த்தான்.
"பாய்கிட்ட நீ சொன்னதுக்கு ஒரு சாண் கம்மி."

வெளிச்சம் கீழே இறங்கியபோது
ஒரு பெண் நண்டு, அகலமாக, நகராமல்,
எங்கள் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.