துப்பு

வத்தலக்குண்டு வரைக்கும் ஏசி.
காட்ரோட்டில் ஏறியதும் சோணைமுத்து அதை அணைத்துக்
கண்ணாடியை இறக்கினார்.
மலர்க்கொடி இரண்டு முறை வாந்தியெடுத்தாள்.
எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி
"இதுக்கு நான் வாடிப்பட்டியிலயே எறங்கியிருப்பேன்" என்றாள்.

ரோஸ்லின் மகனுக்குப் பெங்களூர் முதலாளி தந்த கூப்பன்:
நான்கு பேருக்கு ஒயின் ருசி, மதியச் சாப்பாடு.
மகனுக்கு லீவு கிடைக்கவில்லை.
ஆகவே பால்பண்ணை ஆய்வுக்கூடத்தின் முதல் ஷிப்ட்
மொத்தமாக மலையேறியது,
வீட்டில் குறிஞ்சியாண்டவர் கோயில் என்று சொல்லிவிட்டு.
ரோஸ்லின் மட்டும் சலேத் மாதா என்றாளாம்.

மேகம் ஜன்னல்வழி வந்து
மேஜைவிரிப்பை ஈரமாக்கிவிட்டுப் போகிற இடம்.
மூன்று பேருக்கும் ஒரே ஸ்வெட்டர்,
மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம்.

சட்டையில் சுருளிவேல் என்று பெயர் குத்திய பையன்
கோப்பைகளை வரிசையாக வைத்தான்.
"காம்பைப் பிடிங்க மேடம். சுத்துங்க. மூக்கை உள்ள விடுங்க.
ஒரு வாய். நாக்குல உருட்டுங்க. அப்புறம் துப்பிரலாம்,
அதுக்குத்தான் இந்த வாளி."
ரோஸ்லின் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

தம்பி,
காலை நாலரைக்குக் கேன் மூடியைத் திறந்ததும்
முதலில் வரும் மூச்சை முகர்வது நான்.
மாடு கோரை தின்றதா, கேனைக் கழுவியது சோப்பிலா சோடாவிலா.
ஒரு வாய். உருட்டல். துப்பல்.
இருபத்திரண்டு வருஷம்.
சந்தேகமென்றால் சோதனைக்குழாயில்
பாலும் ஆல்கஹாலும் சரிபாதி.
திரிந்தால் சாக்கடை.
இத்தனை காலம் கூடவே இருந்தும்
குடிக்கிறாயா என்று அது என்னைக் கேட்டதில்லை.

முதல் கோப்பை வெள்ளை:
மாங்காயைக் கிள்ளியதும் வடிகிற பால்.
இரண்டாவதற்குச் சுருளிவேல் "சிட்ரஸ்" என்றான்.
"கிடாரங்காய்" என்று மலர்க்கொடி திருத்தினாள்.
அவன் எழுதிக்கொண்டான்.

மூன்றாவது சிவப்பு.
"இது இந்த மலையிலயே, இந்தக் குளிர்லயே பழுத்தது மேடம்."
மனப்பாடம்.
மூக்கை விட்டேன்.

பன்னீர்.
கம்பம் ரோட்டோரத்தில்
தார்ப்பாய்க்கடியில் குவிந்து வியர்க்கும் பழம்.
குளிர் என்றால் என்னவென்று தெரியாதது.
ஒரு வாய் வெயில் உள்ளே வந்தது.

நிமிர்ந்தேன். அவன் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"சுருளிப்பட்டியா?" என்றேன், மெல்ல.
பழத்தைக் கேட்டேனா அவனைக் கேட்டேனா, தெரியாது.
"மினிலாரி சனிக்கிழமை ராத்திரி வரும் மேடம்.
மேல வச்ச கொடி மூணு வருஷமா இலை மட்டும்தான்.
இது எங்க சித்தப்பா தோட்டம்."
பக்கத்து மேஜையில் ஒருவர் கண்ணை மூடி
மலைக்காற்று அப்படியே தெரிகிறது என்றார்.

நான் தலையை இப்படி ஆட்டினால் போதும்,
நாற்பது லிட்டர் சாக்கடைக்குப் போகும்.
பேரையூர் ஈஸ்வரி காலிக் கேனைத் தூக்கிப் பஸ்ஸேறுவாள்.
படியில் அது இடிக்கிற சத்தம் லேப் வரைக்கும் வரும்.
நான் கையெழுத்துப் போட்டுவிட்டு
அடுத்த மூடியைத் திறப்பேன்.

வாளி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
விழுங்கினேன்.

சாப்பாட்டில் மலைப்பூண்டு போட்ட ஆட்டுக்கறி,
பெயர் தெரியாத இலைகள், ஒரு துண்டு சீஸ்.
சீஸ் வந்ததும் மூவரும் ஒன்றாகக் குனிந்து முகர்ந்தோம்.
பசும்பால் என்றது அட்டை.
"எருமை கலந்திருக்கு" என்றாள் ரோஸ்லின்.
"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை" என்றேன்.
சோணைமுத்து தன் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்
தயிர்ச்சாதம் கேட்டார்.
இருந்தது.

கருத்துப் படிவம் தந்தார்கள்.
நிறம், மணம், சுவை: இயல்பு, என்று எழுதிக்
கையெழுத்தும் தேதியும் போட்டேன்.
நேரம் எழுதக் கட்டம் இல்லை.

இறங்கும்போது காது அடைத்துத் திறந்தது.
வத்தலக்குண்டில் சூடு முகத்திலடிக்க
ஒரு கிலோ பன்னீர் வாங்கினோம்,
தண்ணீர் பாட்டிலில் கழுவி.
வாடிப்பட்டி வரைக்கும்
ஜன்னல்வழி
கொட்டையை மட்டும் துப்பிக்கொண்டே வந்தோம்.