துவர்ப்பு

பகாவில் தோட்டத்துக் கிளப்பைப் பூட்டிய மாதம்
பில்லியர்ட்ஸ் மேசையை மரக்கடைக்காரர் எடுத்துப் போனார்.
ஆறு போத்தல் வைனுக்குக் கை தூக்கியது நாங்கள்தான்:
எடைமேடைக் கிராணி வேதமுத்து, லாரி முதலாளி தியோங், நான்.
நூற்றெண்பது ரிங்கிட். ஆளுக்கு அறுபது.

லேபிளைக் கரப்பான் தின்றிருந்தது.
மிஞ்சியது ஒரு மாளிகையின் இடது பாதி,
போர்தோ என்ற சொல்லில் முக்கால்,
1989.
அந்த வருடம் தியோங்கிடம் லாரியே இல்லை.

எனக்குத் தெரிந்து ஊரில் குளிரான அறை ஒன்று:
செம்பனை ஆலையில் என் லேப்.
எண்ணெய் மாதிரிகளுக்குப் பின்னால்
ஒரு மாதம் படுக்கவைத்தேன்.
பதிவேட்டில் எழுதவில்லை.

சனிக்கிழமை, சங்கு ஊதிய பிறகு
முதல் போத்தல்.
தக்கையில் ஈரக் கோணி வாடை.
போச்சு, என்றேன்.
"குடிக்காமலேவா?"
பத்தொன்பது வருடமாய்
எண்ணெயின் புளிப்பை, எண் வருமுன்னே
மூக்கால் சொல்கிறவள் நான்.
தொட்டியில் கவிழ்த்தேன்.
முப்பது ரிங்கிட் இறங்கும் சத்தத்தை
மூவரும் நின்று கேட்டோம்.

இரண்டாவதில் தக்கை பாதியில் முறிந்தது.
மிச்சத்தை உள்ளே தள்ளி,
கோப்பிக் கடைக்காரர் வாங்குகிற அதே துணி வடிகட்டி, புதுசு,
அதன் வழியே பீக்கரில் இறக்கினேன், மெதுவாக,
மண்டி அசையும் வரை.

நிறம் சிவப்பு இல்லை.
நடுவில் மங்குஸ்தீன் தோல், ஓரத்தில் பழஞ்செங்கல்.
முதலில் அது ஒன்றுமே சொல்லவில்லை.
சுழற்றினேன். காத்திருந்தோம்.
பிறகு வந்தன:
புகைவீட்டில் தொங்கும் ரப்பர் ஷீட்,
யாரோ மூடிவைத்து மறந்த சுருட்டுப் பெட்டி,
மழை விட்ட தண்டவாளம்,
எங்கிருந்தோ ஒரு அசாம் பொய்.

"மருந்துக் கடை இழுப்பறை" என்றார் தியோங்.
"எந்த இழுப்பறை என்றுதான் தெரியவில்லை."

வேதமுத்து ஒரே மடக்கு.
சம்சுவுக்குப் பழகிய தொண்டை.
"ஏறவே இல்லையே."
விழுங்காதீங்க, வாயில வைங்க, மெல்லுங்க.
"மெல்ல இது சோறா?"
மென்றார்.
தாடை நின்றது.

அறுசுவையில் துவர்ப்பை மட்டும்
யாரும் இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டதில்லை.
வாழைப்பூவை மோரில் போட்டு அதைத்தான் கழிக்கிறோம்.
இங்கே அதுதான் எலும்பு.
முப்பது வருடம் இருட்டில் கிடந்ததில்
அதற்கு நாக்கைப் பிடிக்கத் தெரிகிறது,
விடவும்.

இருபது நிமிடம் இருந்திருக்கும்.
அசாம் பொய் முதலில் போயிற்று, அப்புறம் சுருட்டு.
தண்டவாளம் மட்டும்
பீக்கரின் அடியில் கொஞ்ச நேரம் கிடந்தது.
வெளியே குலை லாரி ஒன்று பின்னோக்கி வந்தபடி
பீப் பீப் என்றது.

நாலு போத்தல் பாக்கி.
அடுத்த சனிக்கிழமை, என்றார் தியோங்.
"வேண்டாம், டிசம்பர்" என்றார் வேதமுத்து,
காலிக் கிளாசிலிருந்து
மூக்கை எடுக்காமல்.