நேர்வடக்கு, ஒரு டிகிரி

தடைக்காலம் அறுபத்தொரு நாள்.
தூண்டில் கட்ட இருபது,
எஞ்சினை அவிழ்த்து மாட்டப் பத்து,
மீதியெல்லாம் கடன்காரன் கண்ணில் படாமல் இருக்க.
இந்த வருசம் அந்த மீதியிலிருந்து
பதினெட்டு நாளைத் திருடி வைத்திருக்கிறோம்
ததேயு, அஜின், கிளீற்றஸ்,
ஸ்ராங்கு நான்.

சந்திரதால் என்று ஒரு ஏரி.
மரம் முளைக்காத உயரத்தில் கிடக்கிறது.
போட்டோவைப் பார்த்து அஜின் கேட்டான், மீன் உண்டா?
தெரியவில்லை, இருந்தாலும் பிடிக்க விடமாட்டார்கள் என்றேன்.
அப்போ எதுக்கு என்றான்.
முதல் ஐயாயிரத்தைப் போட்டதும் அவன்தான்.

வழியில் குன்சும் கணவாய் என்று வரைபடத்தில் இருந்தது.
கிலோ என்ன விலை போகும் என்று
துறைமுகமே இரண்டு நாள் சிரித்தது.

பதினாலாயிரம் அடி.
அடிக்கணக்கு எனக்குப் பிடிபடாது.
பாகத்தில் போட்டுப் பார்த்தேன், இரண்டாயிரத்து முந்நூறு.
அவ்வளவு கயிறு எங்கள் போட்டில் இல்லை,
அவ்வளவு ஆழத்துக்கு எங்கள் ஈயம் இறங்கியதில்லை.
தலைகீழாய் முங்கப்போறோம் என்றான் ததேயு.
மூச்சு முட்டுமாமே, அப்போ அதேதான்.

மலை என்பது இதுவரை எங்களுக்குக் கணியம்.
அந்த முகடு கோயில் கோபுரத்துக்கு மேலே வந்து நின்றால்
கீழே பார் இருக்கிறது, தூண்டிலை விடு.
அவ்வளவுதான்.
கிட்டே போய்ப் பார்க்கவும் அது இருக்கிறதென்று
யாருக்கும் தோன்றவில்லை.

ஒத்திகைக்குக் கோதையாறு பஸ்ஸில் ஏறினோம்.
நாற்பது நாள் அலையில் குலுங்கியும் குமட்டாத வயிறு
ஏழாவது வளைவில் கைவிட்டது.
கண்டக்டர் எலுமிச்சம்பழம் நீட்டி, என்ன தொழில் என்றார்.
நாலு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

மார்த்தாண்டத்தில் குளிருக்குக் கோட்டு கேட்டால்
மழைக்கோட்டை எடுத்துப் போடுகிறார்கள்.
கடைசியில் பார்சலில் வந்தது, நாலும் ஆரஞ்சு.
மைனஸ் பத்து தாங்கும் என்று எழுதியிருந்தது.
எழுத்தை நம்பாமல்
தேங்காய்ப்பட்டணம் ஐஸ் கம்பெனிக்குப் போனோம்.
பாளம் அடுக்கிய அறைக்குள் எங்களை விட்டுக் கதவைச் சாத்தி
ஒரு மணிக்கூர் கழிச்சு வாறேன் என்று போனான் வேலைக்காரன்.
அஜின் பாளத்தின் மேலேயே படுத்துக் குறட்டை விட்டுக் காட்டினான்.
கிளீற்றஸ் இரண்டு நிமிசம் நின்றான்.
பிறகு கதவைத் தட்டத் தொடங்கினான்.

ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.
மீன் அல்லாத ஒன்றை ஒரே ஒருமுறை
ஐஸில் கிடத்திக் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறோம்,
ஐந்து நாள் ஓட்டம்.
தலைப்பக்கம் இருந்தது கிளீற்றஸ்.

சாயங்காலம் பாலத்தில் வைத்து அவனே கேட்டான்,
அங்கே அது மேலேயிருந்தா விழும்?
ஆமா.
மெஷின்ல அடிச்சு வராது?
வராது, பஞ்சு மாதிரி விழுமாம்.
சரி, அப்போ நானும் உண்டு என்றான்.

டெல்பின் பட்டியலை வாசித்தாள்.
கருவாடு எடுத்தால்
ரயிலில் மூன்று நாள் யார் பக்கத்தில் இருப்பார்கள் என்றாள்.
சாக்ஸ் எட்டு ஜோடி போதாது என்றாள்.
டிக்கெட்டை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தாள்.
கடலுக்குப் போம்போ
திரும்பி வாறதுக்கு டிக்கெட் எடுத்துக்கிட்டா போறிய,
இதுக்காவது இருக்கே என்றாள்.
வெயிட்டிங் லிஸ்ட் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ராத்திரி போட்டுக்குப் போய்
ஏரியின் புள்ளியை ஜிபிஎஸ்ஸில் அடித்தேன்.
கரையென்றும் காடென்றும் பாராமல்
கோடு நிமிர்ந்து ஏறியது.
திசை ஒரு டிகிரி.
ஆயிரத்து நானூற்று ஐம்பத்தி நான்கு கடல்மைல்,
ஏழு நாட் வேகத்தில்
எட்டு நாள், பதினாறு மணிக்கூர்.

இவ்வளவுதானா.
லட்சத்தீவு தாண்டி
இதைவிடத் தூரத்தில் எத்தனை சோறு பொங்கியிருக்கிறோம்.

ஆழம் காட்டும் இடத்தில் மட்டும்
இரண்டு கோடு மின்னிக்கொண்டிருந்தது.
அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.