மீதி 29,788

ராமநாதபுரம் போகும் பஸ்ஸில்
முக்கால்வாசித் தூரம் முப்பது கிலோமீட்டர்.
டிக்கெட் எடுத்து ஜன்னலில் தலை சாய்த்தால்
தூங்கியே கடந்துவிடலாம்.
அதே முப்பதை நிமிர்த்தி நிறுத்து என்றேன் முனீஸிடம்.
அடி, வாலிநோக்கம் உப்பளத்தில்.
நுனி, பட்டப்பகலில் வானம் கறுத்துக் கிடக்கும் இடத்தில்.
"கண்டக்டர் யாரு?" என்றான்.

ஐந்தடி நீளம். பெயர் கோலா.
துரத்த ஆள் இருந்தால் தண்ணீரை விட்டுத் துள்ளி
கொஞ்ச நேரம் காற்றை நம்பும் மீன்.
வயிறு பி.வி.சி குழாய்.
இறக்கைக்குள் மீன்பெட்டித் தெர்மாகோல்,
எத்தனை கழுவியும் வெயில் ஏறினால் நண்டு நாறுகிறது.
மேலே ஃபைபர் மேட்டும் ரெசினும்.
படகு பழுதுபார்க்கும் கொட்டகையில்
பதினோரு ஞாயிறு உப்புத்தாள் தேய்த்த கூலி
அரை வாளி ரெசின்.
கண்ணாடித் தூசி முழங்கைக்குள் இறங்கி
வேதியியல் பரீட்சை முழுக்கச் சொறிந்துகொண்டிருந்தேன்.

மூக்கருகே ஒரு துளை,
உடைந்த செல்போனின் கேமராவுக்கு.
கடலில் எல்லைக்கோடு எங்கே என்று
படகில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.
மேலேயிருந்தும் தெரியாதுதான்.
தெரியவில்லை என்பதற்கு ஒரு படம் வேண்டும் எனக்கு.

மேலே போகப்போகக் காற்று மெலியும்.
அங்கே இறக்கை
பெண் பார்க்கும் வீட்டுக்குக் கூடவே வரும் தூரத்து உறவு,
சும்மா உட்கார்ந்திருக்கும்.
தூக்குவது தீ.
தீ தீர்ந்து, விழுந்து, கனத்த காற்றைத் தொட்ட பிறகுதான்
இறக்கைக்குச் சோலி.
இதை ரெக்கார்ட் நோட்டில் எழுதியிருக்கிறேன்,
கரப்பான்பூச்சியின் குடல் படத்துக்குப் பின்பக்கம்.

ஆனி மாதம். கச்சான் மூச்சு வாங்க நின்ற ஒரு விடியல்.
வரப்பில் சாரக்கம்பை நட்டோம்.
பொத்தானை அழுத்தினேன்.
ஒன்றுமில்லை.
வயரைக் கடித்துத் தோலுரித்து மறுபடி அழுத்தினேன்.

கத்தியது.
எல்லாவற்றையும் கணக்குப் போட்டிருந்தேன்,
அந்தச் சத்தத்தைப் போடவில்லை.
உப்புக் குவியல் அத்தனையும் ஒரு நொடி ஆரஞ்சு.
நாலாவது நொடியில் இடது இறக்கை
தனியாக வேறெங்கோ போக முடிவெடுத்தது.
மிச்சம் சுழன்று வந்து
பதினெட்டாம் பாத்தியில் குத்தி
அரைமணி நேரம் எரிந்தது.
முனீஸ் ஒரு செருப்பைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தான்.

தோட்டா வெடிக்கிறார்கள் என்று
யாரோ போன் போட்டிருக்கிறார்கள்.
மரைன் போலீஸ் மூன்று பேர்.
"எம்புட்டு ஒசரம் போகும்?"
"முப்பது கிலோமீட்டர் சார்."
"சிலோனுக்கா?"
"இல்ல சார். மேல."
அவர் மேலே பார்த்தார்.
நிஜமாகவே, தொப்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.
அங்கே ஒரு பருந்துகூட இல்லை.
பிறகு ஏட்டு எழுதினார்:
'பிளாஸ்டிக் மீன், இறக்கையுடன், கருகியது. எண்ணிக்கை ஒன்று.'
பெயரை நான் சொல்லவேயில்லை.
அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் கையெழுத்துப் போட்டு வாங்கினோம்.
உருகிய மூக்குக்குள் உயரமானி,
சட்டைப் பொத்தான் அளவு, உயிரோடு.
212 மீட்டர்.
பள்ளிக் கொடிக்கம்பத்தை அடுக்கி அடுக்கிப் பார்த்து
முனீஸ் குதித்தான்.
நான் கழித்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை உம்மாவின் கூலியில்
கருகிய உப்புக்கென்று நானூறு பிடித்துவிட்டார்கள்.
இரண்டு மூட்டை, சாம்பல் நிறத்தில்,
எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள்,
காசு கொடுத்தாயிற்றே, வைத்துக்கொள்ளுங்கள் என்று.

உம்மா ஏசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
குதிகால் வெடிப்பில் எண்ணெயை அழுத்திக்கொண்டே
என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்:
"வாரிக் குவிச்ச பாத்தியில ஏன்டி விட்ட?
தெக்க தண்ணி நிக்கிற பாத்தி
எட்டு சும்மாதானே கெடக்கு."