சுமைக்கு ஆள் ஒன்று

ஹரித்வாரில் இறங்கியபோது பையில் இருந்தவை:
நீதிமன்ற உத்தரவு ஒன்று,
வெள்ளைத்தாள் அரைக் குயர்,
கோட் லத்தா கிராம வரைபடம், நான்காய் மடித்தது.
சாம்பல் இல்லை.
படித்துறைப் பையன்கள் விடவில்லை.
"யார் செத்தது, சர்தார்ஜி?"
கிணறு என்றேன்.

பொய்யில்லை.
தூர்ந்து முப்பது வருடம் ஆன கிணறு.
அதன்மேல் நெடுஞ்சாலை வரப்போகிறது.
நஷ்டஈடு கோடியைத் தொடும் என்று பேச்சு கிளம்பிய அன்றுதான்
சோப்திகளுக்கு நினைவு வந்தது
தாங்கள் இரண்டு மதமென்று.
தலைப்பாகைக்காரர்களுக்கு ஒரு வக்கீல்,
திலகக்காரர்களுக்கு ஒரு வக்கீல்.
போன லோஹ்ரி வரைக்கும்
இரண்டு வீட்டுக்கும் ஒரே தீ.

மாடியறையில் புரோகிதர் ஜகதம்பா பிரசாத்
மின்விசிறியை நிறுத்தினார், ஏடு பறக்குமாம்.
"ஊர்? ஜாதி?"
பெயரைக் கேட்கவில்லை.
ஊரைச் சொன்னேன்.
ஜாதிக்கு, சோப்திகளுடையதைச் சொன்னேன்.

சிவப்புத்துணி உறை, முழ நீள ஏடு.
விக்கிரம வருடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று.
தகப்பன் அஸ்தியோடு வந்தவர்கள் இருவர்.
மூத்தவர் ஹாகம் சிங்,
தலைப்பிள்ளையைக் குருவுக்கு நேர்ந்துவிடுவது அந்த வீட்டு வழக்கம்.
இளையவர் தௌலத் ராம்.
அண்ணன் கையெழுத்து குர்முகியில்.
தம்பியுடையது கடைக்கணக்கு லண்டாவில்,
உயிர்க்குறியே இல்லாத எழுத்து,
பழகிய கண்தான் உயிர் கொடுத்துப் படிக்க வேண்டும்.
ஒருவர் கேசத்தோடு நின்றிருப்பார்,
ஒருவர் மழித்த தலையோடு.
பானை ஒன்றுதான்.

இது போதும் வழக்குக்கு.
நான் பேனாவை மூடும்போது அவர் சொன்னார்:
"கீழே ஒரு வரி. உங்களுக்கு வேண்டியிருக்காது."
என்னவென்றேன்.
"உடன் வந்தவை:
கோவேறு கழுதை 2.
பித்தளைச் செம்பு 1.
சுமைக்கு ஆள் 1."

சோப்திகள் வீட்டுச் சுமையை யார் தூக்குவார்கள் என்று
ஊரில் யாரையும் கேட்கத் தேவையில்லை.
குளத்துக்கு மேற்கே எட்டு வீடு.
ஆறாவது என்னுடையது.

அமிர்தம் குடித்தோம், சிங் ஆனோம்,
பட்டாளத்துக்குக்கூடப் போனோம்.
குருத்வாரா தனி.
சுடுகாடு தனி,
வரைபடத்துக்கு நான்தான் வண்ணம் பூசினேன்,
பெரியது பச்சை, எங்களுடையது பழுப்பு.
பட்வாரி ஆனபின் நாற்காலி போடுகிறார்கள்.
அவர்களுக்கு எஃகு டம்ளரில் தேநீர்,
எனக்குக் காகிதக் கோப்பையில்.
சுத்தம்தான் முக்கியம் என்கிறார்கள்.

ஊரின் இரண்டு குருத்வாராவிலும் ஒரே கிரந்தம்.
அதைத் திறந்தால்
முதலில் நிற்பது எழுத்தல்ல, எண்.

நகல் என்றால் உள்ளது உள்ளபடி.
செம்பையும் எழுதினேன், கழுதையையும் எழுதினேன்.
ஆளுக்கு வந்தபோது கை கொஞ்சம் மெதுவானது,
அவ்வளவுதான்.
வேறு இடம் தேடிப் பார்த்தும்
ஊதா முத்திரை விழுந்தது அந்த வரிமேல்.

"நீங்கள் எந்த ஊர்?"
அதே ஊர்தான் என்றேன்.
அவர் வரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
மறுபடி வரியை.
எழுந்துபோய் வேறொரு ஏட்டை எடுத்துவந்து
வெற்றுப் பக்கத்தை உள்ளங்கையால் நீவினார்.
"பெயர்?"
ஜக்சீர் சிங்.
"தகப்பனார்?"
மிட்டூ சிங்.
"அவருக்கு?"
புண்டூ. சிங் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
"அதற்கு மேல்?"

கீழே ஆற்றில் ஒரு பையன்
கயிற்றில் காந்தம் கட்டிக் காசு துழாவிக்கொண்டிருந்தான்.
ஐந்தரைக்குப் பேருந்து.
வியாழக்கிழமை வாய்தா.
அவர் பேனா முனையில் மை திரண்டு நின்றது.

எண்ணால் எழுதுங்கள் என்றேன்.
ஒன்று.

இருநூறு ரூபாய் கேட்டார், கொடுத்தேன்.
ரசீது கேட்டேன்.
பழக்கதோஷம்.