கடைசி இருநூறு மீட்டர்

கென்ட் நகரம், ஐம்பத்து மூன்று, பிப்ரவரி.
கூரைக்குக் கீழே இன்னொரு கூரையாகச் சுருட்டுப் புகை.
பலகை வளையத்தின் விளிம்பில் என் நாற்காலி,
கழுத்தில் ஸ்டாப் வாட்ச்.
கடைசி இருநூறு மீட்டரை அளப்பது என் வேலை.
அதற்கு முன்னால் நடப்பதற்கு
எனக்குச் சம்பளம் கிடையாது.

இரண்டாம் சுற்றின் திருப்பத்தில்
இருவரும் நின்றுவிட்டார்கள்.

ஆஹில் வெர்ஸ்டாய்ஃப்ட், மீன்சந்தையில் பனிக்கட்டி சுமப்பவன்.
எபெ லூங்ஹோல்ம், கோபன்ஹேகனில்
பல் வைத்தியம் படித்துப் பாதியில் விட்டவன்.
முன்னால் போகிறவன் காற்றைக் கிழிக்க வேண்டும்.
பின்னால் வருகிறவன் அந்தக் கிழிசலுக்குள்
நோகாமல் நுழைந்துவிடுவான்.
அதனால் முந்திக்கொள்ள யாருக்கும் மனமில்லை.
இப்படியொரு பணிவை
வேறெந்த வரிசையிலும் நான் கண்டதில்லை.

பிரேக் இல்லாத வண்டிகள்.
மிதியும் சக்கரமும் ஒரே எலும்பு.
மிதித்தால் உருளும், விட்டால் சாயும்,
நடுவில் இருக்கிற மயிரிழையில்
முன்சக்கரத்தைச் சரிவுக்குத் திருப்பி
நிற்கிறார்கள்.
நிற்பது என்கிறேன்,
தொடை மட்டும் கொதிக்கும் பால்போல நடுங்குகிறது.

ஐந்தாம் நிமிடம் வாத்தியக்காரர்கள் சலித்து ஓய்ந்தார்கள்.
எட்டாம் நிமிடம் யாரோ சில்லறை வீசினார்கள்.
பலகையில் உருண்டு போய் விழுந்தது,
அன்றிரவு அரங்கில் ஓடியது அது ஒன்றுதான்.
மற்ற இரண்டு கடிகாரக்காரர்களும்
பீர் குடிக்கப் போய்விட்டார்கள்.

நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.
முதலில் மிதியே இல்லை;
மரச்சட்டத்தில் ஏறி, கோட்டும் தொப்பியுமாகப் பெரிய மனிதர்கள்
தரையைக் காலால் உதைத்துப் போனார்கள், வாத்துகள்போல.
பிறகு மிதி வந்தது. இரும்புப் பட்டைச் சக்கரம்
கல் பாவிய தெருவில் பற்களை ஆட்டிவைத்தது
(எபெக்கு அப்போதென்றால் நல்ல வருமானம்).
பிறகு முன்சக்கரம் ஆளுயரம் வளர்ந்தது,
அங்கிருந்து விழுந்தவர்களின் கழுத்து முறிந்தது.
சங்கிலி வந்து மனிதனைக் கீழே இறக்கியது.
ரப்பருக்குள் காற்றை அடைத்தார்கள்.
எல்லாம் விரைந்து போவதற்காக.
அத்தனையும் செய்து முடித்து
இதோ, இரண்டு ஆண்கள்
அசையாமல் இருக்கப் பாடுபடுகிறார்கள்.

இருபதாம் நிமிடம் அந்தச் சத்தம் கேட்டது.
ஸ்ஸ்ஸ்.
தூங்கும் குழந்தையின் மூச்சைவிட மெல்லியது.
எபெயின் முன்டயர்.
பட்டுத்துணி டயர், ஊசிமுனை அளவு ஓட்டை.
அவனுக்குத் தெரியும். கழுத்து நரம்பு சொன்னது.
ஆஹிலுக்கும் தெரியும்.
சும்மா நின்றால் போதும்.
இன்னும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்,
டென்மார்க் தானாகவே பலகையில் உட்கார்ந்துவிடும்.
ஆயிரம் பேர் இருமலை அடக்கிக்கொண்டு
ஒரு சக்கரம் சாவதைக் கேட்டோம்.

ஆஹில்தான் முதலில் கிளம்பினான்.

சரிவிலிருந்து பாய்ந்தான், தலையைத் தொங்கப்போட்டு,
தன் முதுகை அந்நியனுக்கு இனாமாகக் கொடுத்து.
எபெ ஒட்டிக்கொண்டான்.
பலகைகள் இடித்தன, அரங்கம் எழுந்து நின்றது,
கடைசித் திருப்பத்தில் வெளிப்பக்கமாக ஏறி
அந்தத் தொய்ந்த டயர்
கோட்டை அரைச் சக்கரம் முந்திக் கடந்தது.

குளியலறை வாசலில் ஆஹிலிடம் கேட்டேன்:
ஏன் போனாய்?
கால் வலித்தது, என்றான்.
சோப்பு இருக்கிறதா என்று கேட்டான்.

அதற்குப் பிறகுதான் கையைப் பார்த்தேன்.
ஸ்டாப் வாட்ச் பூஜ்யத்தில் இருந்தது.
நான் அமுக்கவே இல்லை.

பேரேட்டில் பன்னிரண்டு புள்ளி நான்கு என்று எழுதினேன்,
என் அழகான கையெழுத்தில்.
யாரும் சந்தேகப்படவில்லை.
முப்பத்தொரு வருடம் அளந்தேன்.
உண்மையான எண்கள் ஒன்றுகூட
எனக்கு நினைவில்லை.