ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே

நெக்கார் நதியின் மேல் மூடுபனி
இன்னும் எழுந்திருக்கவில்லை.
ஹைல்பிரான் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில்
என் வரைபடம் மட்டும் தெளிவு:
கீழே நான்கு, நடுவில் ஆறு, உச்சியில் எட்டு.
மூன்றும் எஸ்யூவி. மூன்றுக்கும் ஒரே மூக்கு.
நான்கு, பள்ளிக்கூட வாசலுக்கு.
எட்டு, ஓபரா வாசலுக்கு.
ஆறு யாருக்கு என்று கேட்டால்,
நான்கில் வந்து இறங்கக் கூசுகிறவருக்கு,
எட்டின் விலையை வீட்டில் சொல்லக் கூசுகிறவருக்கு
என்பேன். சிரிப்பார்கள்.
பதினெட்டு வருடமாக அதே சிரிப்பு.

வண்டியை மற்றவர்கள் செய்கிறார்கள்.
வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே இருக்கிற
பத்தொன்பதாயிரம் யூரோ காற்றை
நான் செய்கிறேன்.

இந்த முறை ஆறு அடங்கவில்லை.
செப்டம்பரில் நாற்பது பேரின் கண்ணைக் கட்டி
மூன்று கதவுகளைச் சாத்திக் காட்டினோம்.
எட்டு எது?
முப்பத்தொரு பேர் ஆறைக் காட்டினார்கள்.
பல் மருத்துவர் ஒருவர்
இன்னொரு முறை என்றார்,
பிறகு இன்னொரு முறை.

கெர்லிண்டே ஃபிளைடரர் செய்த கதவு அது.
டப் என்று விழாது, டம் என்று அதிராது.
ம்.
அவ்வளவுதான். ஒற்றை மெய்யெழுத்து.
உயிர் சேர்ந்தால் சத்தமாகிவிடும் என்று
விளிம்பிலேயே நிறுத்தியதுபோல.
உள்ளே, தாழ்ப்பாளின் முதுகில்,
யாரும் பார்க்கப்போகாத இடத்தில்
தீப்பெட்டி அளவு கம்பளித் துண்டு.
விலை ஒரு யூரோ பத்து சென்ட்.
அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு குளிர்காலம்.

கூட்டத்தில் டாக்டர் ஆவ்வெர்ட்டர் சொன்னார்:
"எட்டு வாங்கியவர் கதவைச் சாத்துகிறார்.
பக்கத்து வீட்டில் ஆறு வாங்கியவரும் சாத்துகிறார்.
எட்டுக்காரர் திரும்பிப் பார்த்தால்
நாம் தொலைந்தோம்."
எட்டின் அச்சுகள் இறுகிவிட்டன,
இனி மூன்று வருடம் கைவைக்க முடியாது.
மேல்படி உயராது என்றால்
நடுப்படியைத் தாழ்த்து.
இந்த வாக்கியத்தை யார் சொன்னது என்று
குறிப்பேட்டில் இல்லை.
நான்தான்.

ஒலியறைக்கு இறங்கிப் போனேன்.
அங்கே நின்றால் சொந்த ரத்தம் ஓடுவது கேட்கும்.
வெண்ணெய் தடவிய பிரெட்சலைக் கடித்தபடி
என் வரைபடத்தைப் பார்த்தாள்.
உப்புக் கல்லை விரலால் துடைத்துவிட்டுக் கேட்டாள்:
"எவ்வளவு மோசமாக வேண்டும்?"

என்னிடம் ஓர் எண் இருந்தது.
பதினைந்து சதவீதம்.
சொல்லும்போது தாளைப் பார்த்தேன்.

இடுக்கியால் கம்பளியை உருவினாள். சாத்தினாள்.
டம்.
"இதுவா?"
"இது நான்கு."
கத்தரிக்கோல் எடுத்தாள்.
பாதியை வெட்டி, பாதியைத் திரும்ப வைத்தாள்.
இந்த முறை சத்தத்துக்கு ஒரு வால் இருந்தது,
பேச்சின் முடிவில் தொண்டையைச் செருமுகிற மாதிரி.
இருவரும் பேசவில்லை.
"இதுதான் உங்கள் ஆறு" என்றாள்.
மிச்சப் பாதியை நாலாக மடித்து
ஆடிக்கொண்டிருந்த காப்பி மேசையின்
கால் ஒன்றின் கீழே சொருகினாள்.
மேசை ஆடுவதை நிறுத்திவிட்டது.

சித்திரையில் வண்டி வந்தது.
என் பதவிக்கு நிறுவனம் தருவது ஆறு.
அவள் பதவிக்கு நான்கு; அவள் அதையும் வாங்காமல்
எஸ்-பானில் வருகிறாள்,
கதவுகள் எல்லாம் பீச்சென்று அலறுகிற ரயில்.

சனிக்கிழமை, கடையின் வாகனத் தளத்தில்
பக்கத்திலேயே ஓர் எட்டு.
முட்டைகளைப் பின்னிருக்கையில் வைத்துவிட்டு
உல்ரிக்க கதவைச் சாத்தினாள்.
"அட, என்ன அருமையான சத்தம்" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
எட்டுக்காரர் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்.
திரும்பிப் பார்க்கவில்லை.

என் பக்கத்துக் கதவைச் சாத்தினேன்.
திறந்து
இன்னொரு முறை.